1988: ஹிப் ஹாப் பொற்காலத்தின் உச்ச வருஷம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹிப் ஹாப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் பேச்சு 1988-இல்தான் போய் நிற்கும். நண்பர்களுக்கு இது தெரியும். அவர்களும் அவர்கள் மூலம் வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்ட விதத்திலேயே எழுதிப் பதிலோடு தொகுத்திருக்கிறேன். ஏற்கெனவே கேட்டுப் பழகியவர்கள் முதல் இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.

ராப், ஹிப் ஹாப் ரெண்டும் ஒண்ணுதானே?

ராப் என்பது தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிச் சொல்லும் கலை. ஹிப் ஹாப் அதைவிடப் பெரியது. இசைத்தட்டு சுழற்றும் டிஜே, பிரேக் டான்ஸ், சுவரில் ஸ்ப்ரே ஓவியம், ராப் எல்லாம் அதற்குள் அடக்கம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற கட்டடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட பார்ட்டியைத்தான் இதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பாட்டில் மற்ற வாத்தியங்கள் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்குத்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்தார். அந்த இடத்துக்குப் பெயர் 'பிரேக்'. ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்து அதை மாற்றி மாற்றி நீட்டினார். இந்தப் பிரேக் என்ற விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

பொற்காலம்னா எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்?

ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். பெரும்பாலோர் 1986 அல்லது 87-இல் தொடங்கி 90-களின் தொடக்கம் வரை கொண்டுபோவார்கள். 1986-இல் ரன்-டி.எம்.சி. குழு ஏரோஸ்மித் ராக் குழுவோடு சேர்ந்து பாடிய 'வாக் திஸ் வே' எல்லா வீடுகளிலும் ஒலித்தது. அடுத்த வருஷமே பீஸ்டி பாய்ஸின் முதல் ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, ராப் ஆல்பங்களில் அதுதான் முதல். இந்த இசைக்குக் காசு உண்டு என்று நிறுவனங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் செய்தால் விற்கும் என்ற சூத்திரம் இன்னும் அவர்களிடம் இல்லை. பொற்காலம் அந்த இடைவெளியில் முளைத்தது.

சரி, அதுல 1988 மட்டும் என்ன ஒசத்தி?

அந்த வருஷம் நல்ல ஆல்பங்கள் நிறைய வந்தன என்பது பாதிப் பதில். அவற்றில் எதுவும் இன்னொன்றைப் போல இல்லை என்பதுதான் என் முழுப் பதில். இன்று ஒரு பாட்டு ஹிட்டானால் ஆறு மாதத்துக்கு அதே டிரம்ஸ், அதே குரல். 1988-இல் இன்னொருவரின் பாணியைத் திருடுவது ராப்பர்களுக்குள் பெரிய அவமானம். 'பைட்டர்' (அடுத்தவனைக் கடித்துத் தின்பவன்) என்று சொல்லியே கேவலப்படுத்துவார்கள்.

பட்டியலைப் பாருங்கள். பப்ளிக் எனிமி குழுவின் இரண்டாவது ஆல்பம் அரசியல் மேடைப் பேச்சும் அபாயச் சங்கும் கலந்தது. லாங் ஐலண்டின் பிரென்ட்வுட்டில் இருந்து வந்த ஈ.பி.எம்.டி. அதற்கு நேரெதிர். 'ஸ்ட்ரிக்ட்லி பிசினஸ்' ஆல்பத்தில் ஸாப் குழுவின் ஃபங்க் இசையின் மேல் சாவகாசமாக, அரைத் தூக்கத்தில் பேசுவதுபோல ராப் செய்தார்கள். ஸ்லிக் ரிக் லண்டனில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்தவர். ஆங்கிலேய உச்சரிப்போடு, பாத்திரத்துக்குப் பாத்திரம் குரலை மாற்றிக் கதை சொன்னார். அல்ட்ராமேக்னடிக் எம்.சி.ஸ் குழுவின் கூல் கீத் விண்வெளி, மூளை, விஞ்ஞானம் என்று யாரும் தொடாத சொற்களை அள்ளிப் போட்டார். ஜங்கிள் பிரதர்ஸ் ஆப்பிரிக்கப் பெருமையையும் ஜாஸையும் கொண்டுவந்தார்கள், கூடவே 'ஐ'ல் ஹவுஸ் யூ' பாட்டில் ஹவுஸ் என்ற நடன இசை மேல் ராப் செய்து காட்டினார்கள். பிக் டாடி கேன், பிஸ் மார்க்கி, எம்.சி. லைட் மூவருக்கும் அதுதான் முதல் ஆல்பம் வந்த வருஷம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ராப்பர் ஐஸ்-டி, என்.டபிள்யூ.ஏ. குழு. இத்தனையும் பன்னிரண்டு மாதத்துக்குள், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவர்களிடமிருந்து வந்தவை.

பப்ளிக் எனிமி ஆல்பத்தைக் கேட்டேன். ஒரே இரைச்சலா இருக்கே, இதையா மாஸ்டர்பீஸ்னு சொல்றாங்க?

'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்' 1988 ஜூனில் டெஃப் ஜாம் நிறுவனத்தில் வந்தது. இரைச்சல் என்று உங்கள் காதுக்குப் பட்டது சரிதான், அப்படிக் கேட்க வேண்டும் என்றே செய்தார்கள். ஹேங்க் ஷாக்லி, கீத் ஷாக்லி, எரிக் சாட்லர், சக் டி சேர்ந்த 'பாம் ஸ்க்வாட்' அணிதான் இசையைக் கட்டியது. ஒரே பாட்டுக்குள் பல பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒன்றோடொன்று சுருதி சேராத இடங்களையும் அப்படியே விட்டார்கள். 'ரெபெல் விதவுட் எ பாஸ்' பாட்டில் கெட்டில் கொதிப்பதுபோல ஓயாமல் வரும் கூச்சல், ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக் குழுவான தி ஜே.பி.ஸ் 1970-இல் வெளியிட்ட 'தி கிரன்ட்' என்ற தட்டில் இருந்து எடுத்த சாக்ஸபோன் ஒலி.

இந்த நெருக்கடியான ஒலிக்குக் காரணம் உண்டு. ரீகன் ஆட்சியின் கடைசி வருஷம் அது. கிராக் என்ற மலிவான கோகெய்ன் நகரங்களின் கருப்பினப் பகுதிகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 1986-இல் வந்த சட்டப்படி, 5 கிராம் கிராக்கை விற்பனைக்கு வைத்திருந்தவருக்குக் கிடைத்த அதே குறைந்தபட்ச தண்டனை, தூள் கோகெய்ன் என்றால் 500 கிராமுக்குத்தான். 'நைட் ஆஃப் தி லிவிங் பேஸ்ஹெட்ஸ்' பாட்டு கிராக்கைப் பற்றியதுதான். இந்த நிலைமையை இதமான மெட்டில் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. சக் டி கனத்த குரலில் குற்றச்சாட்டை வாசிக்க, ஃப்ளேவர் ஃப்ளேவ் இடையில் புகுந்து குறும்பு செய்வார். அந்த இரண்டாவது குரல் இல்லாவிட்டால் ஆல்பம் மூச்சு முட்டியிருக்கும். 1988-இன் சிறந்த ஆல்பமாக வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பு தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

அடுத்தவன் பாட்டை வெட்டி ஒட்டறது திருட்டு இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கலையாக இது படைப்பா? ஆமாம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இரண்டு நொடி டிரம்ஸ், அரை நொடி ஹார்ன், ஒரு பேச்சுத் துண்டு என்று எங்கெங்கோ இருந்து எடுத்து, மூலப் பாட்டுகளில் இல்லாத ஓர் உணர்ச்சியை உண்டாக்குவதற்குக் காதும் உழைப்பும் வேண்டும். எந்தத் தட்டில் எந்த இடத்தில் நல்ல பிரேக் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதே பெரிய கல்வி.

காசு விஷயத்தில் அது நியாயமா? அங்கே பதில் அவ்வளவு சுலபம் இல்லை. 'ஃபங்கி டிரம்மர்' என்ற ஜேம்ஸ் பிரவுன் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1969-இல் பதிவான அந்தச் சில நொடிப் பிரேக் 1986-இல் ஒரு தொகுப்பு ஆல்பத்தில் மறுபடி வந்தது, அதன்பிறகு பப்ளிக் எனிமியில் தொடங்கி எண்ணற்ற பாட்டுகளுக்கு அதுவே முதுகெலும்பாகிவிட்டது. பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதிலிருந்து ராயல்டி கிடைக்கவில்லை. 2017-இல் அவர் இறந்தார். என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பாட்டில் ஒலிக்கும் 'ஆமென், பிரதர்' பிரேக்கை வாசித்த கிரெகரி கோல்மன் வீடில்லாதவராக 2006-இல் செத்துப்போனார். இதில் ராப்பர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. வாத்தியக்காரரைக் கூலிக்கு வாசிக்க வைத்து உரிமை தராத வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆனாலும் இந்தக் கடன் தீர்க்கப்படவில்லை என்பதை மறந்துவிட்டு அந்தப் பாட்டுகளைக் கேட்க என்னால் முடியாது.

அப்போ கம்ப்யூட்டரே கிடையாதே, இத்தனையும் எதுல செஞ்சாங்க?

முக்கியமான கருவி ஈ-மியூ நிறுவனத்தின் எஸ்.பி.-1200. 1987-இல் வந்தது. அதன் மொத்த நினைவகத்தில் சுமார் 10 நொடி ஒலியைத்தான் வைக்க முடியும், ஒரு துணுக்கு என்றால் அதிகபட்சம் இரண்டரை நொடி. இதைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவு செய்வது, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. குறைந்த இடத்தில் அதிக ஒலி அடங்கும். கூடவே ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும். கருவி 12 பிட் வேறு, அதாவது ஒலியைத் துல்லியம் குறைவாகத்தான் பதியும். அந்தக் காலத்து டிரம்ஸில் இன்றைக்கும் ஆட்கள் தேடும் அழுக்கான கனம் இப்படி வந்ததுதான்.

ரோஜர் லின் வடிவமைத்து ஆக்காய் வெளியிட்ட எம்.பி.சி.-60-ம் 1988-இல்தான் கடைக்கு வந்தது. பதினாறு ரப்பர் சதுரங்களை விரலால் தட்டி வாசிக்கும் அந்த அமைப்பு இன்றைய கருவிகளிலும் அப்படியே இருக்கிறது.

ராகிம்னு ஒருத்தரை எல்லாரும் தலையில தூக்கி வச்சிக் கொண்டாடறாங்களே, ஏன்?

அவருக்கு முன்னால் பெரும்பாலான ராப்பில் இயைபு வரியின் கடைசிச் சொல்லில் விழும். வரி முடியும், தாளம் முடியும், சத்தமாக ஒரு அழுத்தம், அடுத்த வரி. ராகிம் இயைபை வரிக்கு உள்ளேயே இரண்டு மூன்று இடங்களில் வைத்தார். வாக்கியத்தைத் தாளக்கட்டு முடியும் இடத்தில் நிறுத்தாமல் அடுத்ததற்குள் வழியவிட்டார். இத்தனையும் கத்தாமல், அமைதியான குரலில். சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேனின் ஜாஸில் ஊறியவர். மூச்சை எங்கே எடுப்பது, எங்கே தள்ளிப்போடுவது என்ற அந்தப் பழக்கம் வார்த்தையிலும் வந்துவிட்டது.

டிஜே எரிக் பி.யோடு அவர் செய்த இரண்டாவது ஆல்பமான 'ஃபாலோ தி லீடர்' 1988 கோடையில் வந்தது. தலைப்புப் பாட்டை வரிகளோடு ஒருமுறை கேளுங்கள். அதே வருஷம் இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்லின் ஆல்பத்தில் வந்த 'தி சிம்ஃபனி' பாட்டையும் கேட்டுப் பாருங்கள். மாஸ்டா ஏஸ், கிரெய்க் ஜி, கூல் ஜி ராப், பிக் டாடி கேன் நால்வரும் கவியரங்கில் முறைவைத்து ஏறுவதுபோல ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பார்கள். சொல்லாட்சி எவ்வளவு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது என்பது அந்த ஒரே பாட்டில் தெரியும்.

பொண்ணுங்களே இல்லையா அதுல?

இருந்தார்கள். 1988-இல் 'லைட் ஆஸ் எ ராக்' வந்தபோது புரூக்ளினின் எம்.சி. லைட்டுக்குப் பதினெட்டு வயதுகூட ஆகவில்லை. தனியாக முழு ஆல்பம் போட்ட முதல் பெண் ராப்பர் என்று பொதுவாக அவரைக் குறிப்பிடுவார்கள். அதிலுள்ள 'ஐ கிராம் டு அண்டர்ஸ்டாண்ட் யூ' பாட்டில் ஒரு பெண் தன் காதலனுக்கு வேறொருத்தி இருப்பதாகச் சந்தேகப்படுகிறாள். கடைசியில் பார்த்தால் அந்த வேறொருத்தி கிராக். மேலே பப்ளிக் எனிமி முழங்கிச் சொன்ன விஷயத்தை லைட் ஒரு காதல் கதைக்குள் வைத்துச் சொன்னார். எனக்கு இது இன்னும் ஆழமாக இறங்குகிறது.

சால்ட்-என்-பெப்பாவின் 'புஷ் இட்' முதலில் வேறொரு பாட்டின் பின்பக்கத்தில் வந்தது, 1988-இல் பெரிய ஹிட்டானது. ஜே.ஜே. ஃபேட் என்ற பெண்கள் குழுவின் 'சூப்பர்சானிக்' வெற்றி ரூத்லெஸ் நிறுவனத்துக்குக் கைகொடுத்தது. என்.டபிள்யூ.ஏ.வை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். இதை மறந்துவிட்டுத்தான் பலர் மேற்குக் கரை வரலாற்றைச் சொல்கிறார்கள்.

என்.டபிள்யூ.ஏ. ஆல்பம் 1988-ஆ 1989-ஆ? எஃப்.பி.ஐ. தடை பண்ணுச்சாமே?

'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பொதுவாக 1988 கணக்கில் வைக்கப்படுகிறது. ஆனால் அது பெரிதாகப் பரவியதும் பத்து லட்சம் விற்றதும் 1989-இல். ஆகவே இரண்டு வருஷத்திலும் அதைப் பார்க்கலாம். ஐஸ் கியூப், ஈஸி-ஈ, எம்.சி. ரென், டாக்டர் டிரே, டிஜே யெல்லா சேர்ந்த குழு. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் காம்ப்டன், தென்மத்திய வட்டாரங்கள் அவர்கள் களம். 1988 ஏப்ரலில் 'ஆபரேஷன் ஹேமர்' என்ற நடவடிக்கையில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. போலீசுக்கு எதிரான அவர்களுடைய பாட்டு அந்த மண்ணில் இருந்து வந்தது.

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தடை செய்யவில்லை. 1989 ஆகஸ்டில் அதன் உதவி இயக்குநர் மில்ட் ஆலரிக், ஆல்பத்தை விநியோகித்த ப்ரையாரிட்டி ரெகார்ட்ஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். போலீஸ் மீதான வன்முறையை இந்தப் பாட்டு தூண்டுகிறது என்பது அதன் சாரம். ஒரு பாட்டைப் பற்றி அந்த அமைப்பு இப்படி எழுதுவது அபூர்வம். விற்பனைக்கு அதுவே விளம்பரமாகிவிட்டது.

ஆனா அந்தப் பாட்டுல பொம்பளைங்களைப் பத்தி எவ்வளவு கேவலமாப் பேசறாங்க! அதை எப்படிக் கொண்டாடறீங்க?

அந்தப் பகுதியை நான் கொண்டாடவில்லை. போலீஸ் அடக்குமுறையைச் சொல்லும் துணிச்சலும் பெண்களை இழிவுபடுத்தும் புத்தியும் ஒரே ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முன்னதைப் பாராட்டுவதற்காகப் பின்னதை 'அந்தக் காலம் அப்படி' என்று தள்ளிவிடக் கூடாது. அது பாட்டோடும் நிற்கவில்லை. 1991-இல் டாக்டர் டிரே, தொலைக்காட்சித் தொகுப்பாளர் டீ பார்ன்ஸைத் தாக்கினார். வழக்கு நடந்தது. 2015-இல் தான் காயப்படுத்திய பெண்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

பப்ளிக் எனிமிக்கும் இப்படி ஒரு கறை உண்டு. 1989-இல் அக்குழுவின் புரொஃபசர் கிரிஃப் ஒரு பேட்டியில் யூதர்களுக்கு எதிராக வெறுப்புப் பேச்சுப் பேசினார், குழுவே சிதறும் நிலை வந்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

அவங்களுக்குள்ளேயே யாரும் வன்முறையை எதிர்க்கலையா?

எதிர்த்தார்கள், அதற்காக விலையும் கொடுத்திருந்தார்கள். பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் குழுவின் டிஜே ஸ்காட் லா ராக் 1987 ஆகஸ்டில், ஒரு சண்டையைச் சமாதானம் செய்யப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்தார். அவருடைய கூட்டாளி கே.ஆர்.எஸ்.-ஒன் அடுத்த வருஷம் 'பை ஆல் மீன்ஸ் நெசஸரி' ஆல்பத்தை வெளியிட்டார். அட்டையில் துப்பாக்கியோடு ஜன்னல் வழியே பார்க்கிறார், கருப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் புகழ்பெற்ற புகைப்படத்தை நினைவூட்டும் கோலம். உள்ளே 'ஸ்டாப் தி வயலன்ஸ்' என்ற பாட்டு. அந்தப் பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்கி, பல ராப்பர்கள் சேர்ந்து பாடிய 'செல்ஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' 1989 தொடக்கத்தில் வந்தது. வருமானம் கருப்பினத்தவருக்காக உழைக்கும் நேஷனல் அர்பன் லீக் அமைப்புக்குப் போனது.

ரேடியோவே போடலைன்னா எப்படிப் பரவுச்சு?

ரேடியோ கொஞ்சம் போட்டது. நியூயார்க்கில் வார இறுதி இரவுகளில் மிஸ்டர் மேஜிக், டிஜே ரெட் அலர்ட் போன்றவர்களின் நிகழ்ச்சிகள், லாஸ் ஏஞ்சலஸில் கே.டே நிலையம். ஆட்கள் அதை கேசட்டில் பிடித்து ஊர் ஊராகக் கைமாற்றினார்கள். டாரன்ஸில் ரோடியம் என்ற திறந்தவெளிச் சந்தையில் ஸ்டீவ் யானோ நடத்திய தட்டுக் கடைக்காக டாக்டர் டிரே மிக்ஸ் கேசட்டுகள் செய்து கொடுத்தார்.

அப்புறம் 1988 ஆகஸ்ட் 6 அன்று 'யோ! எம்.டி.வி. ராப்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. ஃபேப் 5 ஃப்ரெடி தொகுத்து வழங்கினார். அவர் ஸ்டுடியோவில் உட்காராமல் ராப்பர்களின் தெருவுக்கே போனார். ஹிப் ஹாப்பையே பார்த்திராத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு உடை, நடை, பேச்சு எல்லாம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. 'தி சோர்ஸ்' பத்திரிகை ஹார்வர்டு மாணவர்கள் நடத்திய செய்தித்தாளாகத் தொடங்கியதும் அதே வருஷம்.

கிராமியை ராப்பர்கள் புறக்கணிச்ச கதை என்ன?

ராப்புக்கென்று முதல் கிராமி 1989 பிப்ரவரியில் கொடுக்கப்பட்டது, 1988 வரை வந்த பாட்டுகளுக்காக. ஆனால் அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்றார்கள். வென்ற டிஜே ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ் (நடிகர் வில் ஸ்மித்தான்), போட்டியில் இருந்த எல்.எல். கூல் ஜே, சால்ட்-என்-பெப்பா எல்லோரும் போகவில்லை. போட்டியில் இருந்த கூல் மோ டீ போய் மேடையில் சில வரி ராப் செய்தார். ஜெயித்த 'பேரன்ட்ஸ் ஜஸ்ட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' கலகலப்பான நல்ல பாட்டுதான். ஆனால் மேலே பேசிய ஆல்பங்கள் எதுவும் அந்தப் போட்டியில் இல்லை.

1994-ல 'இல்மாட்டிக்', 'ரெடி டு டை' ரெண்டும் வந்துச்சு. அதுதானே பெரிய வருஷம்?

தனி ஆல்பத்தின் மெருகு என்று பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாஸின் 'இல்மாட்டிக்' போல ஓட்டையே இல்லாத ஆல்பம் 1988-இல் எத்தனை என்று கேட்டால் எனக்கே யோசனைதான். ஆனால் நாஸ் எழுதும் முறைக்குப் பின்னால் ராகிமும் கூல் ஜி ராப்பும் இருக்கிறார்கள், 'ரெடி டு டை' செய்த பிக்கியின் கதைசொல்லலில் ஸ்லிக் ரிக் இருக்கிறார். 1994-இல் வாசல்கள் திறந்திருந்தன, 1988-இல் அவற்றை உடைத்துத் திறந்தார்கள். என் ஓட்டு அதற்கு.

பப்ளிக் எனிமி மாதிரி ஒரு ஆல்பம் இப்போ யாராவது செய்ய முடியுமா?

கருவி இருக்கிறது, காது இருக்கிறது, சட்டம் விடாது. 1991 டிசம்பரில், கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டில் இருந்து அனுமதியின்றி எடுத்ததற்காக பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கிய தீர்ப்பு அது. ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே அனுமதியும் பணமும் தேவைப்பட்டன. ஒரு பாட்டில் ஒரு சாம்பிள் (இப்படி எடுத்த துணுக்கு) என்றால் கட்டுப்படியாகும், பத்துப் பதினைந்து என்றால் பாட்டு விற்ற காசு முழுதும் உரிமையாளர்களுக்கே போய்விடும்.

ஸ்டபிள்ஃபீல்டைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? இந்தச் சட்டத்தால் அவரைப் போன்றவர்களுக்கும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பணம் பாட்டின் உரிமை வைத்திருந்த நிறுவனங்களுக்குத்தான் போனது. ஒரு கலை முறை முடங்கியது, வாசித்தவர் கையும் காலியாகவே இருந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இது.

இங்கிலீஷ் எனக்கு அவ்வளவா ஓடாது. எதுல ஆரம்பிக்கட்டும்?

ஸ்லிக் ரிக்கின் 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி'யில் ஆரம்பியுங்கள். தூங்கப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாக, திருட்டில் இறங்கிய ஒரு பையன் போலீஸ் துரத்தலில் முடிவதைச் சொல்கிறார். உச்சரிப்பு தெளிவாக இருக்கும், கதையும் நேராகப் போகும். அடுத்து ஈ.பி.எம்.டி.யின் 'யூ காட்ஸ் டு சில்', வேகம் குறைவு என்பதால் சொற்களைப் பிடிக்கலாம். பிறகு எம்.சி. லைட்டின் 'பேப்பர் தின்'. ராகிமுக்கு வரிகளைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம், இந்த மொழியில் பிறந்தவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். என்.டபிள்யூ.ஏ.வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

பப்ளிக் எனிமி ஆல்பத்தை மட்டும் பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் கேட்காதீர்கள். அதன் இரண்டு பக்கங்களும் ஒரே ஓட்டமாக அடுக்கப்பட்டவை. நடுநடுவே வரும் ரசிகர் கூச்சல் 1987 நவம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் பதிவானது, அதைத் தாண்டிவிட்டால் அடுத்த பாட்டு எந்த வேகத்தில் உள்ளே நுழைகிறது என்பது தெரியாமல் போய்விடும்.